மேட்டில் செயின் வழுக்கும் 21 கியர் சைக்கிள்: தினமும் கல்லூரிக்கு ஓட்ட ஆகுமா?

திங்கள்சந்தை_பையன்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம். வீடு திங்கள்சந்தை பக்கம், கல்லூரி நாகர்கோவில்ல. பரசேரி, சுங்கான்கடை, பார்வதிபுரம் வழியா ஒரு பக்கம் 15 கி.மீ. அளவில் வரும். காலையில பஸ் படியில தொங்குறதுக்குப் பதிலா சைக்கிள்ல போகலாம்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை முட்டம், மணக்குடின்னு சுத்தவும் ஆகும்.

சீனியர் ஒருத்தர்கிட்ட இருந்து பழைய கியர் சைக்கிள் வாங்கியாச்சு. முன்னாடி 3 பல்சக்கரம், பின்னாடி 7. டயர் 26 x 1.95, வி-பிரேக். இப்போ இருக்கிற தொந்தரவு:

மேட்டுல அழுத்தி மிதிச்சா செயின் டக்குனு வழுக்குது. பின்னாடி பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) செயின் ஏறவே மாட்டேங்குது. செயின்ல லேசா துரு. மழையில பிரேக் கத்துது, நிக்கவும் லேட் ஆகுது. பக்கத்துல ஒரு கடையில காட்டினா "எல்லாத்தையும் மாத்தணும்"னு சொல்றாங்க. கையில 2,000 ரூபாய்தான். எதை மாத்தணும், எதை நானே செய்யலாம்? பையில லேப்டாப் இருக்கும், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

---

ஒண்ணேகாலிஞ்சு

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுங்க. பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம்.

செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி, 24 ஆணி தள்ளி அதன் நடு வரைக்கும் அளக்கணும். செயின் இழுவையில் இருக்கும்போதே அளங்க. புதுச் செயினில் இது 12 இஞ்ச், அதாவது 304.8 மி.மீ. 306.4-ஐத் தொட்டால் செயின் மாற்றும் நேரம் வந்தாச்சு. அந்தக் கட்டத்தில் மாற்றினால் பின் பல்சக்கரம் தப்பும். 308 வரை போயிருந்தால் பின்னாடி இருக்கிற ஃப்ரீவீல் (ஏழு பல்சக்கரமும் சேர்ந்த கட்டு) பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயின் மட்டும் போட்டால் முன்னைவிட மோசமா வழுக்கும். தேய்ந்த பல்லின் இடைவெளியில் புதுச் செயினின் உருளை சரியா உட்காராது, அழுத்தம் வரும்போது மேலே ஏறிக் குதிக்கும். "புதுச் செயின் போட்டும் சரியாகல, கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

வழுக்குறதில் மூணு வகை உண்டு. எது என்று தெரியாமல் காசு செலவழிக்க வேண்டாம்.

நடுவில் உள்ள ரெண்டு மூணு பல்லில் மட்டும், அழுத்தும்போது மட்டும் வழுக்கினால் தேய்மானம். தினமும் அதிகம் ஓடுவது அந்தப் பல்லுகள்தான். எந்தப் பல்லில் போட்டாலும் ஒரே சீரான இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால், செயினில் ஏதோ ஒரு கண்ணி துருவில் இறுகிக் கிடக்குது. பெடலைப் பின்னோக்கி மெதுவாச் சுத்தினால், டிரெயிலரின் (பின்னாடி செயினைப் பல்லுக்குப் பல் மாற்றித் தள்ளும் கை) சின்ன உருளைகளைக் கடக்கும்போது அந்தக் கண்ணி மடங்காமல் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். அழுத்தாமல் சுத்தும்போதும் கடகடவென்று சத்தம் வந்து, செயின் ரெண்டு பல்லுக்கு நடுவில் அலைந்தால், கேபிள் இழுவை சரியில்லை. இந்த மூணாவது வகைக்கு ஒரு பைசா செலவில்லை.

அளந்துவிட்டு எண்ணைச் சொல்லுங்க.

---

பழையாத்துப்பாலம்

செயின் விஷயத்தை மேல சொன்னவர் பார்த்துக்கிடுவார். பெரிய பல்லுக்கு ஏறாதது தனிக் கேஸ் ஆக்கும், அதை நான் சொல்றேன்.

முதல்ல சைக்கிளுக்குப் பின்னால குத்தவச்சு உக்காந்து பாரு மக்கா. டிரெயிலர்ல மேல கீழ ரெண்டு உருளை இருக்கும். அந்த ரெண்டும் செயின் கிடக்கிற பல்லுக்கு நேர் கீழ, ஒரே கோட்டில நிக்கணும். கீழ் உருளை சக்கரத்துப் பக்கம் உள்ள சாஞ்சிருந்தா, அது தாங்கி நிக்கிற கொக்கித் தகடு வளைஞ்சிருக்கு. பழைய வண்டி வலப்பக்கமா விழுந்திருந்தா இப்படித்தான் ஆகும். அது நேரா இல்லாம ஸ்க்ரூவைத் திருகாண்டாம். வளைஞ்ச தகட்டோட பெரிய பல்லுக்கு ஏத்தினா டிரெயிலர் போக்ஸ் கம்பிக்குள்ள மாட்டி, சக்கரம், டிரெயிலர் ரெண்டையும் சேத்து நாசமாக்கும். தகட்டைக் கடையில நிமித்தச் சொல்லு, கூலி ரொம்ப வராது.

நேரா இருந்தா, இனி இப்படி:

பின்னாடி சின்னப் பல்லு, முன்னாடி நடுப்பல்லு. டிரெயிலர்ல எச், எல் னு ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். எச் சின்னப் பல்லுப் பக்க எல்லை, எல் பெரிய பல்லுப் பக்க எல்லை. இந்த ரெண்டும் டிரெயிலர் எது வரைக்கும் போகலாம்னு தடுக்கிற வேலியாக்கும், கியர் சரியா விழுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பலபேரும் கியர் விழலைன்னா இதைத்தான் முதல்ல போட்டுத் திருகுவான், அதோட எல்லாம் குழம்பிரும்.

கேபிள் நட்டைத் தளத்தி, கேபிளைக் கையால இழுத்துத் தொய்வு இல்லாம பிடிச்சு நட்டை முறுக்கு. வெறைப்பா இழுக்காண்டாம், தொய்வு போனா போதும். இனி ஒவ்வொரு கியரா மாத்து. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினா, டிரெயிலர்ல கேபிள் நுழையிற எடத்துல இருக்கிற திருகியை இடஞ்சுழியா அரைச்சுத்து. திரும்பப் பாரு. பின்னயும் தயங்கினா இன்னொரு அரைச்சுத்து. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினா வலஞ்சுழி. கடைசிப் பெரிய பல்லுக்கு மட்டும் ஏறலைன்னா அன்னேரம் எல் ஸ்க்ரூவைக் கால் சுத்து தளத்து. ஏத்திட்டு டிரெயிலரைக் கையால உள்ள தள்ளிப் பாரு, செயின் பல்லைத் தாண்டிக் கம்பிப் பக்கம் விழக்கூடாது.

இவ்வளவு செஞ்சும் ஏறுறப்ப ஒரு கதி, இறங்குறப்ப ஒரு கதின்னா கேபிள் உறைக்குள்ள துரு. நம்ம ஊர்ல இதுதான் அதிகம். எண்ணெய் விட்டா ஒரு வாரம் ஓடும், அப்புறம் பழைய கதை. உள்கம்பி, உறை ரெண்டையும் சேத்து மாத்து. கியர் உள்கம்பி 1.2 மி.மீ., பிரேக் உள்கம்பி 1.5 இல்லன்னா 1.6. உறையும் வேற வேற, கேட்டியா. கியர் உறைக்குள்ள கம்பிகள் நீளவாக்குல ஓடும், பிரேக் உறைக்குள்ள சுருளாச் சுத்தியிருக்கும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டா உறை அமுங்கிக் கொடுத்து கியர் ஒருநாளும் சரியா நிக்காது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது, அழுத்தம் தாங்காம பிய்ஞ்சிரும், அன்னைக்குப் பிரேக் இல்ல. கடையில பக்கத்துல நின்னு பாரு.

---

உப்புக்காத்து

துருவுக்கு நான்.

குமரி மாவட்டத்துக்கு மழை ரெண்டு தரம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நடுவில் காயும் மாதங்களிலும் கடல்காற்று விடாது. உப்புப் படிந்த இரும்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மழையில் நனையாத, வீட்டுத் திண்ணையில் நிற்கும் சைக்கிளும் துருப்பிடிக்கும். முட்டமோ மணக்குடியோ போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் ஒரு குடம் ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னால் அடிக்கக் கூடாது. சக்கர நடுவிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும், ரெண்டு மாதத்தில் கரகரவென்று சத்தம் கேட்கும்.

செயினுக்கு எண்ணெய் விடும் முறை: காய்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், கறுப்பு வருவது குறையும் வரை. பிறகு கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் உருளைக்கு ஒரு சொட்டு. முழுச் செயினுக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். முப்பது சுற்று சுற்றி, பத்து நிமிடம் விட்டு, வெளியில் இருக்கும் எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் ஆணிக்கும் உருளைக்கும் நடுவில். வெளியில் நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்து, அரைக்கிற பசையாக மாறும்.

எந்த எண்ணெய்? சைக்கிள் செயின் எண்ணெய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் 90 நம்பர் கியர் ஆயில் போதும். தையல் மெஷின் எண்ணெய் ரொம்ப லேசு, ஒரு மழையில் போய்விடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகும். கிரீஸை மேலே அப்புவதும் வேண்டாம். டப்பாவில் வரும் துரு நீக்கும் ஸ்பிரே சுத்தம் செய்யவும் ஈரம் போக்கவும் நல்லது, ஆனால் அதை அடித்துவிட்டு எண்ணெய் விடாமல் ஓட்டினால் செயின் வறண்டே ஓடும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: சீட் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியக் கம்பி இரும்புச் சட்டத்துக்குள் உப்பு ஈரத்தோடு இருந்தால் ரெண்டும் சேர்ந்து இறுகிவிடும், அப்புறம் எந்தக் கடையிலும் வராது. வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவிப் போடுங்கள். எடுக்கும்போதே சைக்கிளைத் தலைகீழாக்கிப் பார்த்தால் சட்டத்துக்குள் நிற்கும் மழைத்தண்ணீரும் கொட்டும். அந்தத் தண்ணீர்தான் பெடல் அச்சில் உள்ள பேரிங் குண்டுகளைத் தின்கிறது. திரும்ப மாட்டும்போது கம்பியில் உள்ள குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது.

உயரத்துக்குக் கணக்கு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கும். பையன்கள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தி வைத்து 15 கி.மீ. மிதித்துவிட்டு முழங்கால் முன்பக்கம் வலிக்குது என்பார்கள்.

---

திங்கள்சந்தை_பையன்

அளந்தாச்சு. மூணு இடத்துல பார்த்தேன், எல்லாமே 308-ஐக் கொஞ்சம் தாண்டுது. வழுக்குறது பின்னாடி நடுவுல இருக்கிற மூணு பல்லுல மட்டும்தான். டிரெயிலர் உருளை ரெண்டும் நேராத்தான் இருக்கு. சீட் கம்பி நல்லவேளை வந்துட்டு. மண்ணெண்ணெயில செயினை ஊறப்போட்டா துரு போகுமா?

---

ஒண்ணேகாலிஞ்சு

308 தாண்டின செயினை ஊறப்போட்டு என்ன செய்யப் போறீங்க? தூக்கிப் போடுங்க. புதுச் செயினை மண்ணெண்ணெயில் போடவும் வேண்டாம், கம்பெனியில் வரும் எண்ணெய் உள்ளே இருப்பதே முதல் சில வாரத்துக்குப் போதும், வெளியே துடைத்தால் மட்டும் போதும்.

வாங்க வேண்டியது: 6, 7, 8 ஸ்பீடுக்கான செயின் ஒன்று. சாதா சைக்கிள் செயின் அகலம் கூடுதல், அது இந்தப் பல்லுகளுக்கு இடையில் ஓடாது. 7 ஸ்பீடு ஃப்ரீவீல் ஒன்று. ஃப்ரீவீலில் 14-28, 14-34 என்று பல் எண்ணிக்கை போட்டிருக்கும். சுங்கான்கடை ஏற்றத்தை லேப்டாப்போடு ஏறணும் என்றால் 34 ஆசையாத்தான் இருக்கும். ஆனால் பழைய டிரெயிலர் அவ்வளவு பெரிய பல்லை எட்டுமா என்று கடையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்க. எட்டாவிட்டால் மேல் உருளை பல்லில் உரசும். முன்னாடி சின்னப் பல்சக்கரம் இருக்கும்போது 28-ஏ நம்ம மாவட்ட ஏற்றத்துக்குத் தாங்கும்.

ஃப்ரீவீலைக் கழற்றுவது மட்டும் கடையில். மிதிக்க மிதிக்க இறுகுகிற மரை அது, வீட்டு ஸ்பானருக்கு அசையாது. அதற்கென்று உள்ள பல் டூலைப் பட்டறைப் பிடியில் மாட்டி, சக்கரத்தையே ஸ்டியரிங் போலப் பிடித்து இடஞ்சுழியாத் திருப்பணும். திரும்பப் போடும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்க. இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்ற முடியாது.

புதுச் செயினைப் பழைய செயினோடு நீளம் வைத்து வெட்டினால் தப்பாகும், பழையது நீண்டு போயிருக்கு. கண்ணிகளை எண்ணி அதே எண்ணிக்கைக்கு வெட்டணும்.

முன் பல்சக்கரத்தையும் ஒரு பார்வை பாருங்க. பல்லுகள் ஒரு பக்கமாச் சாய்ந்து கொக்கி ஆகியிருந்தால்தான் அதுவும் மாற்றணும். வெறும் கறுப்பு, கீறல் எல்லாம் கணக்கில்லை.

செயின் 500 ரூபாய் அளவில், ஃப்ரீவீல் 600 சொச்சம், கேபிளும் உறையும் 200, பிரேக் கட்டை நாலு 200, கூலி 150 என்று வைத்தால் 2,000-க்குள் முடியும். "எல்லாத்தையும் மாத்தணும்" என்றதில் கடைக்காரர் முழுசாத் தப்பு சொல்லலை. டிரெயிலர், ஷிஃப்டர், பெடல் அச்சு இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்க.

---

கட்டைபிரேக்

பிரேக்கைப் பற்றி யாரும் பேசலை. டாரஸ் லாரி ஓடுற ரோட்டில் செயினைவிட இதுதான் முக்கியம்.

ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைங்க. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ரிம்மில் பட்ட எண்ணெய்தான் பாதிக் கத்தலுக்குக் காரணம். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் அலுமினியத் துகள் மின்னும், குண்டூசியால் நோண்டி எடுங்க. அது ரிம்மை அறுக்கும். கட்டையில் இருக்கும் குழிக்கோடு மறைந்திருந்தால் மாற்றணும்.

மாட்டும்போது கட்டை ரிம்மில் மட்டும் படணும். கொஞ்சம் மேலே போனால் டயரை அறுக்கும், கீழே போனால் பாதிதான் பிடிக்கும். முன் நுனி முதலில் தொட்டு, பின் நுனியில் 1 மி.மீ. இடைவெளி வருகிற மாதிரிச் சாய்த்து முறுக்கினால் கத்தல் போகும். முறுக்கும்போது பின் நுனியில் ஒரு மடித்த அட்டையை வைத்துக்கொண்டால் அளவு தானே வரும்.

மழையில் நிற்க லேட்டாவது இயல்பு. முதல் ஒன்றிரண்டு சுற்று கட்டை தண்ணீரைத் துடைக்கத்தான் செலவாகும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். இறக்கத்தில் போகும்போது லேசாத் தொட்டுத் தொட்டு ரிம்மைக் காய வைத்துக்கொண்டே போங்க. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும், ஈரத்தில் முன் பிரேக்கைப் பையப் பைய.

காற்று: டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் இருக்கணும். 26 x 1.95-க்கு, 60 கிலோ ஆளும் பையும் என்றால் பின்னாடி 50, முன்னாடி 45 பி.எஸ்.ஐ. நல்லா ஓடும். பைக் வால்வு மாதிரி இருந்தால் பெட்ரோல் பங்க்கில் அடிக்கலாம், ஆனால் ஒரே அமுக்கில் அடிக்காதீங்க, சைக்கிள் டியூபில் கொள்ளும் காற்று கொஞ்சம்தான், கண் மூடித் திறக்கும் முன் வெடிக்கும்.

பஞ்சர் ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்க. அடுத்தடுத்து ரெண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவில் குழியில் இடித்திருக்கு. ரிம் பக்கம் ஓட்டை என்றால் உள்பட்டை விலகிக் கம்பி முனை குத்துது. வெளிப்பக்கம் ஒரு ஓட்டை என்றால் முள்ளோ கண்ணாடியோ, அது இன்னும் டயரில்தான் இருக்கும், உள்பக்கத்தை விரலால் தடவி எடுக்காமல் டியூபை மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் திரும்பவும் இறங்கும். ஒட்டும்போது சொலூஷன் ஈரமா இருக்கும்போதே பட்டையை வைக்கிறதுதான் வழக்கமான தப்பு. மெல்லிசாத் தடவி அஞ்சு நிமிஷம் காயவிட்டு அழுத்தணும்.

---

மட்டிக்குலை

கல்லூரிப் பிள்ளைக்கு வேண்டியது மீதி நான் சொல்றேன்.

15 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் வையுங்க. வேகமாப் போனா 50 நிமிஷம், ஆனா வேர்த்துக் கொட்டும். முதல் மாசம் அஞ்சு நாளும் போகாதீங்க. திங்கள், புதன், வெள்ளி போதும், பஸ் பாஸைக் கையில வைங்க. ஒரு சட்டையும் துண்டும் பையில. போனதும் உடனே மாத்தாம பத்து நிமிஷம் காத்தாட நின்னுட்டு மாத்தினாத்தான் புதுச் சட்டையும் நனையாது.

லேப்டாப்பைக் கேரியர்ல வெறுமனே கட்டாதீங்க, பின்சக்கரத்து அதிர்ச்சி முழுசும் அதுக்குத்தான் போகும். லேப்டாப்பை முதுகுல, புத்தகம், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் கேரியர்ல. முதுகு வேர்க்கும், அதுக்கு வேற வழி இல்ல. லேப்டாப்பை ஒரு தடிமனான பிளாஸ்டிக் கவர்ல போட்டு, வாயை மடிச்சு, இன்னொரு கவர்ல தலைகீழாப் போடணும். மழைக்கோட்டு போட்டாலும் கழுத்து வழியா தண்ணி இறங்கும். மட்கார்டு இல்லாத கியர் சைக்கிளா இருந்தா பின்சக்கரச் சேறு நேரா முதுகுக்கு வரும், பிளாஸ்டிக் மட்கார்டு ஒரு ஜோடி போட்டுக்கிடுங்க.

காலையில ரெண்டு மட்டி வாழைப்பழம் சாப்பிட்டுக் கிளம்புங்க, சும்மா வயித்தோட வேண்டாம். நம்ம மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது, அதுக்காகவாவது ஒண்ணு கூடுதலாத் தின்னலாம்.

லாரி திரும்புற எடத்துல அதுக்கு இடப்பக்கம் போய் நிக்காதீங்க, டிரைவருக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. சாயங்காலம் லேப் முடிஞ்சு வரும்போது இருட்டிரும், பின்னாடி சிவப்பு லைட்டு கட்டாயம்.

---

பழையாத்துப்பாலம்

வேலை முடிச்சதும் நேரா சுங்கான்கடை மேட்டுக்குப் போவாண்டாம். முதல்ல சுசீந்திரம், தேரூர் பக்கம் ஓட்டிப் பாரு, வயக்காட்டுச் சமதளம். புதுக் கேபிள் முதல் வாரம் கொஞ்சம் தொய்யும், திருகியை ஒரு அரைச்சுத்து இடஞ்சுழி கொடுத்தா சரியாகும். அதுக்குன்னு திரும்பக் கடைக்குப் போகாத. தேரூர்க் குளத்துல குளிர்காலம்னா வெளியூர்ப் பறவையும் பாக்கலாம், 2022-ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேத்த எடமாக்கும்.

ஞாயித்துக்கிழமைச் சுத்தலுக்கு ஒரு கணக்கு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி மேக்காத்து பிடிச்சுத் தள்ளும், முப்பந்தல்ல காத்தாலை நிக்கிறது அதுனாலதான். போறப்ப பறக்கலாம், திரும்புறப்ப இறக்கத்துலயும் மிதிக்கணும். அந்த மாசத்துல அங்க போனா பாதித் தெம்பை மிச்சம் வச்சுட்டுத் திரும்பு. அந்தப் பக்கம் உடைமுள்ளும் உண்டு, ரோட்டோரம் மண்ணுல இறங்காத. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போறதா இருந்தா திங்கக்கிழமை லீவு.

---

திங்கள்சந்தை_பையன்

கொள்ளாம் அண்ணே, எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை செயின், ஃப்ரீவீல், கேபிள் வாங்கப் போறேன். ஒரே ஒரு சந்தேகம்: முன்னாடி பெரிய பல்லு, பின்னாடி பெரிய பல்லுன்னு போட்டு ஓட்டலாமா? சீனியர் எப்பவும் முன்னாடி பெரிய பல்லுலதான் ஓட்டுவார்.

---

ஒண்ணேகாலிஞ்சு

வேண்டாம். செயின் கோணலா ஓடி ரெண்டு பல்லையும் சீக்கிரம் தின்னும். நீளம் பத்தாத செயினா இருந்தால் டிரெயிலரையே இழுத்து உடைக்கும். சின்னதும் சின்னதும் சேர்த்தாலும் கோணல்தான், செயின் தொய்ந்து சட்டத்தில் அடிக்கும். தினசரி ஓட்டத்துக்கு முன்னாடி நடுப்பல்லிலேயே வைத்துப் பின்னாடி மட்டும் மாற்றுங்க. மேடு வருவதற்கு முன்னாடியே கியரை லேசாக்குங்க (பின்னாடி பெரிய பல் பக்கம்), மேட்டில் அழுத்தி மிதிக்கிற நேரம் மாற்றினால் புதுச் செயினும் வழுக்கும். கடையில் கழற்றின பழைய ஃப்ரீவீலை வாங்கி வைத்துப் புதுசோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க, தேய்ந்த பல் எப்படி இருக்கும் என்று அடுத்த தடவை நீங்களே சொல்லிவிடலாம்.